பில்லில் 64 டிபி, ஸ்கிரீனில் 36: டிஸ்க் அரேயில் கையில் நிற்கும் இடமும் ஸ்பேர் டிரைவும் – முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட், கோபியில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ, ஈரோட்டில் ஸ்கேன் சென்டர் என்று எங்கே நாஸ் பெட்டி (பல டிரைவ் போட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பகிரும் ஸ்டோரேஜ்) வைத்துக் கொடுத்தாலும் ஒரு வாரத்துக்குள் அதே போன் வந்துவிடும். “ஏனுங்க, பில்லுல எட்டு டிரைவு, ஒவ்வொண்ணும் 8 டிபின்னு இருக்குது. எட்டெட்டு அறுவத்தி நாலு. ஸ்கிரீன்ல பார்த்தா 36 சொச்சம்தான் காட்டுது. மீதி எங்கீங்க போச்சு?”

நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த 28 டிபி கிட்டத்தட்ட மூன்றரை டிரைவின் காசு. ஆனால் அது எங்கும் போகவில்லை. ஒரு பங்கு வெறும் அளவுமுறை வித்தியாசம். ஒரு பங்கு, டிரைவ் செத்தாலும் டேட்டா பிழைப்பதற்காக ஒதுக்கியது. இன்னொரு பங்கு ஸ்பேர் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் டிரைவ் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். நாலாவதாக ஒன்று உண்டு, ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டம் எடுத்துக்கொள்வது. அது முதல் நாள் தெரியாது, பெட்டி நிறைய நிறையத்தான் தெரியும்.

கணக்குப் போடத் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, ஸ்பேர் வைக்கலாமா வேண்டாமா என்பது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆறு டிரைவுக்கு உட்பட்ட சின்னப் பெட்டியில் ரெய்டு 5 (பல டிரைவைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா பிழைக்கும்படி அமைக்கும் முறை) போட்டு பக்கத்தில் ஒரு ஹாட் ஸ்பேர் (செத்ததன் இடத்தைப் பிடிக்கப் பெட்டிக்குள்ளேயே காத்திருக்கும் டிரைவ்) வைப்பது காசைச் சரியான இடத்தில் போடுவதாகாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் அளவுமுறை

டிரைவ் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸும் பல நாஸ் ஸ்கிரீன்களும் 1024 கணக்கில் எண்ணுகின்றன. இரண்டு பேரும் பக்கத்தில் போடுவது ஒரே ‘டிபி’ என்பதால்தான் வம்பு. 8 டிபி டிரைவ் ஒன்றில் 15,628,053,168 செக்டர்கள், அதாவது டேட்டா எழுதும் சின்னக் கட்டங்கள், இருக்கும். சில டிரைவுகளின் லேபிளிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 8,001,563,222,016 பைட். இதை ஆயிரத்தால் நாலு தடவை வகுத்தால் 8 வரும். 1024ஆல் நாலு தடவை வகுத்தால் 7.28தான் வரும். டிரைவ் அதேதான், எண்ணும் விதம்தான் வேறு.

1024 கணக்குக்கு டெபிபைட் என்று தனிப் பெயரே 1998ல் ஐஇசி என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு கொடுத்துவிட்டது. விண்டோஸ் இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை. காந்திபுரத்தில் கடைக்காரரிடம் போய் ‘எத்தனை டெபிபைட்’ என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். அதனால் இங்கே ‘பில் டிபி’, ‘ஸ்கிரீன் டிபி’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பில் டிபியை 0.91ஆல் பெருக்கினால் ஸ்கிரீன் டிபி. அவ்வளவு துல்லியம் போதும். 4 டிபி என்றால் 3.64, 16 டிபி என்றால் 14.55.

ஒரு சின்ன வேடிக்கை: டிசைனர் மேக் வைத்திருந்தால் அதே ஷேர் அவருக்கு 40 டிபி என்று காட்டும், அக்கவுண்ட்ஸில் இருக்கும் விண்டோஸில் 36.38 என்று காட்டும். மேக் 2009லிருந்து ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம், இரண்டும் சரி.

சின்ன டிரைவ்தான் அளவுகோல்

ரெய்டு தொகுப்பில் எல்லா டிரைவும் ஒரே அளவாக இருந்தால் கணக்கு சுலபம். கலந்து போட்டால், இருப்பதிலேயே சின்ன டிரைவின் அளவுதான் மற்ற எல்லாவற்றுக்கும். பழைய 4 டிபி இரண்டு கிடக்கிறது, புதிதாக 8 டிபி இரண்டு வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: சாதாரண ரெய்டு 5ல் அது நாலு 4 டிபி டிரைவுக்குச் சமம். 12 டிபி கிடைக்கும். 8 டிபி டிரைவுகளின் மேல் பாதி அப்படியே வீண். சினாலஜி என்ற நாஸ் கம்பெனியின் எஸ்ஹெச்ஆர் மாதிரியான கலப்பு முறைகள் அந்த மேல் பாதியையும் தனியாக இணைத்து அதே நாலு டிரைவிலிருந்து 16 டிபி எடுத்துக் கொடுக்கும். ஆனால் நாலில் ஒன்று மட்டும் 8 டிபி என்றால் எஸ்ஹெச்ஆராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேல் பாதிக்கு ஜோடி வேண்டும்.

பாதுகாப்புக்கு எவ்வளவு கழியும்

ரெய்டு என்ற யோசனையை 1988ல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து, விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்பது சாரம். அதில் 1 முதல் 5 வரைதான் இருந்தது. ரெய்டு 6 பின்னால் வந்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் பார்க்கப்போவது நாலைந்துதான்.

ரெய்டு 0ல் எதுவும் கழியாது, எதுவும் பிழைக்கவும் பிழைக்காது. ஒரு டிரைவ் போனால் மொத்தமும் போச்சு. ரெய்டு 1 என்பது கண்ணாடி, இரண்டு டிரைவிலும் அதே டேட்டா. இரண்டு போட்டால் ஒன்றின் இடம் கிடைக்கும். ரெய்டு 10ல் ஜோடி ஜோடியாகக் கண்ணாடி, எத்தனை போட்டாலும் பாதிதான் கையில். ரெய்டு 5ல் ஒரு டிரைவ் அளவும், ரெய்டு 6ல் இரண்டு டிரைவ் அளவும் பேரிட்டிக்கு, அதாவது இழந்த டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்கு, கழியும். ரெய்டு 5க்குக் குறைந்தது மூன்று டிரைவ், ரெய்டு 6க்கு நாலு.

“அப்ப எந்த டிரைவ்ங்க பேரிட்டி டிரைவு?” என்று கேட்பார்கள். அப்படித் தனியாக ஒன்று கிடையாது. பேரிட்டி எல்லா டிரைவிலும் மாறி மாறிக் கலந்து கிடக்கும். கழிவது ஒரு டிரைவின் அளவுதானே தவிர குறிப்பிட்ட ஒரு டிரைவ் அல்ல. ‘பேரிட்டி டிரைவ்தானே போனது, டேட்டா டிரைவ் எல்லாம் பத்திரம்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

ரெய்டு 5ஆ, 6ஆ என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஸ்பேர் பற்றிய முடிவே இதைப் பொறுத்துத்தான்.

ஒரு டிரைவ் செத்து புதியது உள்ளே போனதும், இழந்த டேட்டாவை மற்ற டிரைவுகளிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் எழுதும் வேலைக்கு ரீபில்டு என்று பெயர். 8 டிபி டிரைவில் வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் 40,000 வினாடி, அதாவது 11 மணி நேரம். டிரைவின் வெளி வட்டத்தில்தான் அந்த வேகம் வரும், உள் வட்டம் போகப்போகக் குறையும். அதற்கு நடுவே ஆபீஸ் வேலையும் ஓடினால் ஒரு நாள், ஒன்றரை நாள் கூட ஆகும். 16 டிபி என்றால் அதற்கு இரட்டிப்பு.

ரெய்டு 5ல் அந்த நேரம் முழுக்க உங்களுக்குப் பாதுகாப்பு பூஜ்யம். மீதமுள்ள எல்லா டிரைவையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும். எட்டு டிரைவ் தொகுப்பில் ஏழு டிரைவ், 56 டிபி. டெஸ்க்டாப் ரக டிரைவுகளின் டேட்டா ஷீட்டில் 10ன் 14ஆம் அடுக்கு பிட்களுக்கு ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபிக்கு ஒன்று. சர்வர் ரகத்தில் அதைவிடப் பத்து மடங்கு நல்ல கணக்கு. இவை கம்பெனி தரும் எல்லைக் கணக்குகள். நிஜத்தில் டிரைவுகள் இதைவிட நன்றாகவே படிக்கும். ஆனாலும் வருடக்கணக்கில் யாரும் திறக்காத ஃபைல் இருக்கும் மூலையில் ஒரு கெட்ட செக்டர் கிடப்பது அபூர்வமில்லை. போதாததற்கு எட்டு டிரைவும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையாக இருக்கும். ஒரே சூட்டில், ஒரே ஆட்டத்தில் ஓடியவை. ஒன்றுக்கு வயதானால் மற்றவைக்கும் வயதாகிவிட்டது என்று அர்த்தம். ரெய்டு 6ல் ஒன்று செத்த பிறகும் கையில் இன்னொரு அடுக்கு இருக்கும்.

ஸ்பேர் என்ன செய்யும், என்ன செய்யாது

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேர் டிரைவை விளக்க வேண்டியதே இல்லை, ஸ்டெப்னி என்றால் முடிந்தது. ஸ்டெப்னி இருப்பதால் லோடு கூட ஏற்ற முடியாது. அதே மாதிரி ஹாட் ஸ்பேர் மின்சாரம் எடுக்கும், ஸ்லாட்டை அடைக்கும், ஆனால் இடக் கணக்கில் பூஜ்யம். ஒரு டிரைவ் செத்ததும் யாரும் தொடாமலே அதன் இடத்தில் தானாக நுழைந்து ரீபில்டைத் தொடங்கிவிடும்.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவ் செத்ததிலிருந்து முழுப் பாதுகாப்பு திரும்பும் வரையான ஆபத்தான நேரத்தில் இரண்டு துண்டு உண்டு. ஒன்று, புதிய டிரைவ் வந்து சேரும் வரை காத்திருப்பது. மற்றது, ரீபில்டு ஓடுவது. ஹாட் ஸ்பேர் முதல் துண்டைத்தான் வெட்டும். இரண்டாவது அப்படியே இருக்கும். அதனால் ஸ்பேர் வேண்டுமா என்ற கேள்வியை ‘செத்த டிரைவுக்குப் பதில் எவ்வளவு நேரத்தில் என் கைக்கு வரும்?’ என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

கோவையில் ஆபீஸ், அலமாரியில் அதே மாடல் டிரைவ் ஒன்று, ஆள் தினமும் வருவார் என்றால் அந்த நேரம் சில மணிதான். தாராபுரம் பக்கம் ஒரு மில்லில் சர்வர் ரூமைப் பூட்டிவிட்டுப் போனால் வாரம் ஒரு முறைதான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்றால் அது ஏழு நாள். தீபாவளி, பொங்கலை மறக்காதீர்கள். திருப்பூரில் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து யூனிட் பழையபடி ஓட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கூரியரும் மெதுவாகத்தான் வரும். வாரண்டியில் மாற்றி வாங்குவதை நம்பினால் இன்னும் மோசம். பழையதை அனுப்பி, அவர்கள் சோதித்து, மாற்று வந்து சேர வாரக்கணக்கில் இழுக்கும். அந்தப் பத்து நாளில் மதிப்பு தெரியும் பொருள் ஹாட் ஸ்பேர்.

இப்போது முதலில் சொன்ன கருத்துக்கு வருவோம். ஆறு ஸ்லாட் பெட்டி, ஆறு 8 டிபி டிரைவ். ஐந்தில் ரெய்டு 5, ஆறாவது ஹாட் ஸ்பேர் என்றால் கையில் நிற்பது நாலு டிரைவ் அளவு, 32 டிபி. ஆறிலும் ரெய்டு 6 என்றால் அதுவும் நாலு டிரைவ் அளவு, அதே 32. முதல் வகையில் ஒரு டிரைவ் செத்தால் 11 மணி நேரமோ ஒரு நாளோ நிர்க்கதி. இரண்டாவதில் ஒன்று செத்த பிறகு இன்னொன்றும் செத்தால்கூட டேட்டாவுக்கு எதுவும் ஆகாது, காத்திருக்கும் நேரத்திலும்கூட. எழுதும் வேகம் ரெய்டு 6ல் கொஞ்சம் குறையும், சின்னச் சின்னதாக எழுதும் டேட்டாபேஸ் வேலையில் அது தெரியும். டிசைன் ஃபைலும் போட்டோவும் வைக்கும் பெட்டியில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதே காசுக்கு, அதே இடத்துக்கு, டிரைவைச் சும்மா உட்கார வைப்பதைவிட வேலையில் போடுவது மேல்.

ஹாட் ஸ்பேரில் இன்னொரு தொந்தரவும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மாலையில் கொடுக்கிறார்கள். யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது, பெட்டி அணைந்துவிடும். திரும்ப ஆன் ஆகும்போது ஏதாவது ஒரு டிரைவ் சுழலத் தாமதித்தால், அல்லது ஸ்லாட்டில் தொடர்பு தளர்ந்திருந்தால், ரெய்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர் அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடலாம். ஸ்பேர் உடனே உள்ளே போய் ரீபில்டு தொடங்கிவிடும். ரெய்டு 5ல் இது நடந்தால், பேக்கப் எடுத்தோமா என்று யோசிக்கும் முன்பே மற்ற எல்லா டிரைவும் முழு மூச்சில் ஓட ஆரம்பித்திருக்கும்.

அப்போ ஹாட் ஸ்பேர் யாருக்கு? எட்டு, பன்னிரண்டு டிரைவ் போட்ட ரெய்டு 6 தொகுப்புக்கு. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு. ரெய்டு 10 வைத்து டேட்டாபேஸ் ஓட்டுபவர்களுக்கு, ஏனென்றால் அங்கே ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது தனியாள். அப்புறம், ஆள் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கும் பெட்டிக்கு.

சிசிடிவி பதிவுப் பெட்டிக்கு ஸ்பேர் தேவையே இல்லை என்பேன். பதினைந்து நாள் பதிவு தானாக அழிந்து புதிதாகிக்கொண்டே இருக்கும் இடத்தில் ரெய்டு 5 போதும். மிச்சக் காசில் ஒரு நல்ல யூபிஎஸ் வாங்கலாம்.

ஸ்பேரின் வகைகள்

ஒரு தொகுப்புக்கு மட்டும் கட்டிவைத்தது டெடிகேட்டட் ஸ்பேர். பெட்டியிலுள்ள எந்தத் தொகுப்பில் டிரைவ் செத்தாலும் போய் உதவுவது குளோபல் ஸ்பேர். இரண்டு மூன்று தொகுப்பு இருந்தால் குளோபல்தான் சிக்கனம். ஆனால் அது எல்லாத் தொகுப்பிலும் இருக்கும் டிரைவ்களுக்கு ஈடாக, இருப்பதில் பெரிய அளவில் இருக்க வேண்டும். 4 டிபி தொகுப்பும் 8 டிபி தொகுப்பும் இருக்கும் பெட்டியில் 4 டிபி குளோபல் ஸ்பேர் வைத்தால் பாதிப் பெட்டிக்கு அது இல்லாத கணக்குத்தான். இதற்கு எச்சரிக்கையாக எதுவும் வராமல் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் பெட்டிகளும் உண்டு.

அலமாரியில் வைப்பது கோல்டு ஸ்பேர். சின்ன ஆபீஸுக்கு இதைத்தான் பெரும்பாலும் சொல்வேன். வாங்கியதும் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்மார்ட் (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே கவனிக்கும் வசதி) நீள் சோதனை முழுக்க ஓட விட்டு, பாஸ் ஆனதும் ஆன்டி-ஸ்டேடிக் உறையில் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி வையுங்கள். சோதிக்காத கோல்டு ஸ்பேரை நம்பக் கூடாது. வாரண்டி அலமாரியில் இருக்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

பெரிய ஸ்டோரேஜ்களில் தனி ஸ்பேர் டிரைவே இருக்காது. ஸ்பேர் இடத்தை எல்லா டிரைவிலும் துண்டு துண்டாகப் பரப்பி வைத்திருப்பார்கள். ஐபிஎம்மின் டிஸ்ட்ரிபியூட்டட் ரெய்டு, நெட்ஆப்பின் டைனமிக் டிஸ்க் பூல், ஓபன் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் 2.1 பதிப்பில் 2021ல் வந்த டிரெய்டு எல்லாம் இந்த ரகம். ஒரு டிரைவ் செத்தால் எல்லா டிரைவும் ஒரே நேரத்தில் படித்து, எல்லா டிரைவிலும் எழுதும். ஒற்றை டிரைவின் எழுதும் வேகம் என்ற முட்டுக்கட்டை இல்லை, அதனால் மேலே சொன்ன இரண்டாவது துண்டையும் இது குறைக்கும். இத்தகைய பெட்டிக்கு விலைப்பட்டியல் வந்தால் ‘எத்தனை ஸ்பேர் டிரைவ்’ என்று தேடினால் கிடைக்காது. எத்தனை டிரைவ் அளவுக்கு ஸ்பேர் இடம் ஒதுக்கியிருக்கிறது என்று கேளுங்கள். கையில் நிற்கும் இடத்தில் அதுவும் கழியும்.

ஃபைல் சிஸ்டம் எடுத்துக்கொள்வது

தொகுப்பின் மேல் ஃபைல் சிஸ்டம் போட்டதும் இன்னும் கொஞ்சம் குறையும். லினக்ஸில் இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கு (சிஸ்டத்தின் தலைமைக் கணக்குக்கு) ஒதுக்கிவிடும். சின்ன டிஸ்க்கில் அது தெரியாது, 36 டிபியில் 1.8 டிபி. டேட்டா மட்டும் வைக்கும் வால்யூமுக்கு அவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை, 1% ஆக்கிவிடலாம். ட்ரூநாஸ் மாதிரி இசட்எஃப்எஸ் பெட்டிகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அவை நிறைய நிறைய வேகம் குறையும் என்பதால் 80%க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்களின் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு, வைத்தால் அதற்கும் இடம் வேண்டும். எவ்வளவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. போட்டோ ஸ்டுடியோவில் ஃபைல் மாறுவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. ஸ்னாப்ஷாட் அதிகம் தின்னாது. பிரிண்டிங் யூனிட்டில் ஒரே செபரேஷன் ஃபைலைப் பையர் கேட்டாரென்று பத்துத் தடவை திருத்திச் சேமிப்பார்கள், ஸ்னாப்ஷாட் வேகமாகத் தின்னும். முதல் மாதம் ஓட விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எட்டு டிரைவுக்கு முழுக் கணக்கு

எட்டு ஸ்லாட், எட்டு 8 டிபி டிரைவ். எல்லாம் ஸ்கிரீன் டிபியில்:

ரெய்டு 5, ஸ்பேர் இல்லை: 50.9
ரெய்டு 5 ஏழில், ஒரு ஸ்பேர்: 43.7
ரெய்டு 6 எட்டிலும், ஸ்பேர் இல்லை: 43.7
ரெய்டு 6 ஏழில், ஒரு ஸ்பேர்: 36.4
ரெய்டு 10 எட்டிலும்: 29.1
ரெய்டு 10 ஆறில், இரண்டு ஸ்பேர்: 21.8

போனில் வந்த கேள்விக்கான பதில் நாலாவது வரி. 64 பில் டிபி என்பது 58.2 ஸ்கிரீன் டிபி. அதில் இரண்டு டிரைவ் ரெய்டு 6க்கு, ஒன்று ஸ்பேருக்கு. மீதி ஐந்து டிரைவ், 36.4. இதில் 80% வரைதான் நிரப்புவோம் என்று வைத்துக்கொண்டால் திட்டம் போட வேண்டிய எண் 29. இப்போது 20 டிபி டேட்டா இருக்கிறது, வருடம் 4 டிபி கூடுகிறது என்றால் இரண்டு வருடம் கொஞ்சம் தாண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். ஆள் எப்போதும் இருக்கும் ஆபீஸ் என்றால் நான் மூன்றாவது வரியைத்தான் எடுத்து, ஒன்பதாவது டிரைவை அலமாரியில் வைக்கச் சொல்வேன்.

ஸ்பேருக்கு எந்த டிரைவ்

அதே கம்பெனி, அதே மாடல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால் சில விஷயம் பார்க்க வேண்டும். அளவு, தொகுப்பில் உள்ளதுக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். ஒரு செக்டர் குறைந்தாலும் உள்ளே சேர்க்க மறுக்கும். பெயரளவில் 8 டிபி என்று இருந்தால் போதாது, செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்தத் தொல்லைக்காகவே பல ரெய்டு கார்டுகள் டிரைவின் அளவைக் கொஞ்சம் கீழே இறக்கி முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம்மில் நாமே பார்டிஷனைச் சற்றுச் சின்னதாகப் போட்டு வைக்கலாம்.

அடுத்தது, எழுதும் முறை. எஸ்எம்ஆர் டிரைவுகளில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதச் சொன்னால் ஒரு கட்டத்துக்கு மேல் திணறும். ரீபில்டு என்பதே அந்தத் தொடர்ந்து எழுதும் வேலைதான். நாஸ் டிரைவ் என்று பெயர் போட்டு விற்றவற்றிலேயே சில எஸ்எம்ஆர் என்று 2020ல் தெரியவந்து பெரிய சத்தம் ஆனது. அதற்குப் பிறகு கம்பெனிகள் எது எந்த முறை என்று பட்டியல் போட்டுவிட்டன. டேட்டா ஷீட்டில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத வழக்கமான முறை) என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

சாஸ் (சர்வர் ரக இணைப்பு) தொகுப்புக்கு சாட்டா (சாதாரண கம்ப்யூட்டர் ரக இணைப்பு) டிரைவைப் பொதுவாக ஸ்பேர் வைக்க முடியாது. 4கே செக்டர் டிரைவையும் 512 செக்டர் டிரைவையும் கலக்காதீர்கள். பழைய ஸ்டோரேஜிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் சாஸ் டிரைவ் மலிவாகக் கிடைக்கும்; அவற்றில் பல 520 பைட் செக்டராக ஃபார்மட் ஆகியிருக்கும். மறுபடி 512ஆக அடித்தால்தான் சாதாரண கன்ட்ரோலர் ஏற்கும், அதற்கே பாதி நாள் போகும்.

அமைப்பதும் சோதிப்பதும்

டேட்டா ஏற்றும் முன்பு செய்ய வேண்டியது இது. பின்னால் செய்ய மனசு வராது.

தொகுப்பை உருவாக்கி, எல்லா டிரைவையும் ஒன்றோடொன்று பொருத்தும் முதல் சிங்க் முடியும் வரை விடுங்கள். ஸ்பேரை ஒதுக்குங்கள். சினாலஜியில் ஸ்டோரேஜ் மேனேஜரில் ஹாட் ஸ்பேர் என்று தனிப் பக்கமே இருக்கிறது. ரெய்டு கார்டுகளில் டிரைவைத் தேர்ந்தெடுத்து குளோபல் அல்லது டெடிகேட்டட் என்று குறிக்க வேண்டும். வெறுமனே ஸ்லாட்டில் மாட்டியிருக்கும் டிரைவ் ஸ்பேர் ஆகிவிடாது. ‘அன்கான்ஃபிகர்டு குட்’ என்று காட்டினால், அது இருக்கிறதே தவிர யாருக்கும் உதவாது. இதைப் பார்க்காமல் விட்ட பெட்டிகள் ஏராளம்.

பிறகு மெயில் எச்சரிக்கை. ஒருவருக்கு மட்டும் போகும்படி வைக்காதீர்கள், அவர் வேலையை விட்டுப் போய்விடுவார். சோதனை மெயில் அனுப்பி வந்ததா என்று பாருங்கள்.

அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிரைவை வெளியே இழுங்கள். உரிமையாளர் பதறுவார், பரவாயில்லை. ஸ்பேர் உள்ளே போனதா, மெயில் வந்ததா, ரீபில்டு எத்தனை மணி நேரம் காட்டுகிறது என்று மூன்றையும் பார்த்து எழுதி வையுங்கள். உண்மையில் ஒரு நாள் டிரைவ் செத்தால் எவ்வளவு நேரம் பதற்றமாக இருக்க வேண்டியிருக்கும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு டிரைவின் சீரியல் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை லேபிளில் அடித்து ட்ரேயின் முகப்பில் ஒட்டுங்கள். ஸ்லாட் எண் இடமிருந்தா வலமிருந்தா, பூஜ்யத்திலா ஒன்றிலா தொடங்குகிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் வேறாக இருக்கும். மாதம் ஒரு ஸ்க்ரப், அதாவது எல்லா டிரைவையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலை, கட்டாயம் வையுங்கள். டெபியன் லினக்ஸில் எம்டிஏடிஎம் மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டியதும் அதைத் தானாகவே செய்கிறது. நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் நாமே நேரம் குறித்து வைக்க வேண்டியிருக்கும். மூலையில் கிடக்கும் கெட்ட செக்டர் ஸ்க்ரப்பில் மாட்டினால் சரி செய்துகொள்ளும், ரீபில்டில் மாட்டினால் தலைவலி.

சிவப்பு விளக்கு எரிந்தால்

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்வதும், டிரைவைப் பிடுங்கி மறுபடி சொருகுவதும் இப்போது வேண்டாம். ஸ்கிரீனைத் திறந்து எந்த சீரியல் எண், தொகுப்பு டீகிரேடட் (டிரைவ் குறைந்து பாதுகாப்பு இழந்த நிலை) ஆகிவிட்டதா, ஸ்பேர் உள்ளே போய் ரீபில்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பேக்கப் எப்போது ஓடியது? நேற்று ஓடியிருந்தால் நிம்மதி. இல்லையென்றால் இந்த வாரம் ஷிப்மென்ட் போக வேண்டிய ஆர்டர்களின் ஃபைலை மட்டுமாவது உடனே வெளியே எடுங்கள். ரெய்டு எவ்வளவு அடுக்கு போட்டாலும் தவறி அழித்த ஃபைலையும் ரான்சம்வேர் பூட்டிய ஃபைலையும் அது மீட்காது என்பதால் பேக்கப் எப்படியும் வேண்டும்.

ரீபில்டு ஓடும் நாளில் பெரிய காப்பி வேலை வைக்காதீர்கள். மறுநாள் மின்வாரியப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் ஏரியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஜெனரேட்டரில் ஓட்டுங்கள், இல்லையென்றால் கரண்ட் போவதற்கு முன்பே முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். பல பெட்டிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில முதலிலிருந்து தொடங்கும்.

டிரைவ் இன்னும் சாகவில்லை, ஸ்மார்ட்டில் ரீஅலகேட்டட் செக்டரும் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை) பெண்டிங் செக்டரும் (கெட்டதோ என்று சந்தேகத்தில் நிற்பவை) வாரா வாரம் ஏறுகிறது என்றால் வாய்ப்பு உங்கள் பக்கம். எம்டிஏடிஎம்மிலும் புதிய சினாலஜி பெட்டிகளிலும் ரீப்ளேஸ் வசதி உண்டு. நோயாளி டிரைவை வெளியே தள்ளாமல், அது உயிரோடு இருக்கும்போதே ஸ்பேருக்குப் பிரதி எடுத்து, முடிந்த பிறகு மாற்றும். அந்த நேரம் முழுக்கத் தொகுப்பின் பாதுகாப்பு குறையாது. சாகும் வரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ரீபில்டு முடிந்த பிறகு செத்த டிரைவைச் சீரியல் எண் பார்த்துக் கழற்றுங்கள். ஸ்பேர் உள்ளே போன நிமிடத்திலிருந்து உங்களிடம் ஸ்பேர் கிடையாது. புதியதை அன்றே ஆர்டர் போடுங்கள். அது வந்ததும் இரண்டு வழி. சில ரெய்டு கார்டுகள் காப்பிபேக் செய்து டேட்டாவைப் பழைய ஸ்லாட்டுக்கே கொண்டுவந்து ஸ்பேரைத் திரும்ப ஸ்பேராக்கும். அது இன்னொரு நாள் வேலை. ஸ்லாட் வரிசை முக்கியமில்லை என்றால் புதியதையே ஸ்பேர் என்று குறித்துவிட்டு லேபிளை மாற்றி ஒட்டுங்கள்.

இடம் நிறைந்ததும் வரும் ஆசை

80% தாண்டியதும் கண் தானாக ஸ்பேர் பக்கம் போகும். “அண்ணா, அந்த ஒரு டிஸ்க்கு சும்மாதான கெடக்குது, அதையும் சேர்த்துப் போட்றலாமுங்களா?” போடலாம், பல பெட்டிகளில் ஆன்லைனிலேயே விரிக்கலாம். 36.4 டிபி 43.7 ஆகும். ஆனால் அது ஒரு வருடம்கூடத் தாங்காத ஏற்பாடாக இருந்தால் செய்யாதீர்கள். விரிக்கும் வேலையே எல்லா டிரைவையும் படித்து மறுபடி எழுதும், பெரிய பெட்டியில் நாள்கணக்கில் ஓடும். அது முடிந்ததும் இடமும் நிறைந்திருக்கும், ஸ்பேரும் இருக்காது. இடம் நிறைவதற்கு முன்பு, ரெய்டு 5 வைத்திருப்பவர்கள் ஸ்பேரைச் சேர்த்து ரெய்டு 6 ஆக மாற்றுவது வேறு விஷயம். இடம் கூடாது, பாதுகாப்பு கூடும். அதை முழு பேக்கப் எடுத்துக்கொண்டு தாராளமாகச் செய்யலாம்.

டிரைவுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, 8 டிபியைக் கழற்றி 16 டிபி போட்டு, இடத்தைக் கூட்டுவதாக இருந்தால் ஸ்பேரை முதலில் மாற்றுங்கள். தொகுப்பு முழுக்க 16 ஆகி விரிந்த பிறகு ஓரத்தில் 8 டிபி ஸ்பேர் இருந்தால் அது எதற்கும் நுழையாது. கழற்றிய 8 டிபி டிரைவுகளில் ஸ்மார்ட் சுத்தமாக இருப்பவற்றைத் தனியாக எடுத்து, வேறொரு பெட்டியில் பேக்கப் தொகுப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.